திறப்பின் விளிம்பு: ரிவெட் டப்ளரா, தகட்டோடு சேர்ந்த தடிப்பா?

விமான இறக்கையின் அடித்தகட்டில், கை நுழையும் அளவுக்கு ஓர் ஆய்வுத் திறப்பு வைக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் உட்புறத்தைப் பார்க்க வேறு வழி இல்லை என்பதால், திறப்பு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அதன் விளிம்பை எப்படி வலுப்படுத்துவது என்பதில்தான் எங்கள் குழுவுக்கு இரண்டு வாரம் போனது. மெல்லிய தகட்டில் திறப்பை வெட்டி, அதைச் சுற்றி இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் (தட்டி இறுக்கும் ஆணி) அடிப்பது ஒரு வழி. அதுதான் டப்ளர். தடித்த தகட்டை எடுத்து மில்லிங் செய்து (சுழலும் வெட்டுக்கருவியால் செதுக்கி), மற்ற இடமெல்லாம் மெலிய, திறப்பைச் சுற்றி மட்டும் உலோகத்தைக் கனமாக விட்டுவைப்பது இன்னொரு வழி. இதை பேட்-அப் என்பார்கள். நான் தடிப்பு என்றே சொல்கிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்தது தடிப்பை. அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

அடிப்படை தெரிந்ததுதான். ஒரு பக்கமாக இழுக்கப்படும் அகன்ற தகட்டில் சிறிய வட்டத் துளை இருந்தால், துளையின் விளிம்பில் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை, மூன்று மடங்காகும். இதை 1898-லேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டுவிட்டார். 1913-ல் பிரிட்டிஷ் பொறியாளர் இங்கிலிஸ் அதை நீள்வட்டத்துக்கும் விரித்தார். தகட்டில் 100 மெகாபாஸ்கல் (தகைவின் அலகு) தகைவு இருந்தால், வட்டத் துளையின் விளிம்பில் 300. நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காக உள்ள நீள்வட்டத்தை இழுவிசையின் திசையிலேயே படுக்கவைத்தால் 200. அதையே குறுக்காகத் திருப்பினால் 500. இறக்கையின் அடித்தகடு பறக்கும்போது நீளவாக்கில் இழுபடுகிறது. அதனால்தான் அங்குள்ள திறப்புகள் இறக்கையின் நீளத்தோடு படுத்த முட்டை வடிவில் இருக்கின்றன. வடிவத்தைச் சரியாகத் திருப்பிவைப்பதில் கிடைக்கும் லாபத்துக்குக் கூடுதல் எடையே இல்லை. டப்ளரோ தடிப்போ, அதற்குப் பிறகுதான் பேச்சு.

ஒரே ஒரு முறை இழுத்தால் இந்த உச்சத் தகைவு பெரிய ஆபத்தில்லை. அலுமினியம் விளிம்பில் சற்றே நெகிழ்ந்து சுமையைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். சிக்கல், ஆயிரக்கணக்கான முறை இழுத்து விடுவதில் இருக்கிறது. உலோகச் சோர்வில் ஆயுள் ஏறத்தாழ தகைவின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறும் என்று வைத்துக்கொண்டால், விளிம்பில் தகைவை 10 சதவீதம் குறைத்தாலே ஆயுள் ஒன்றரை மடங்காகிறது. அதனால் இரண்டு முறைகளுமே விளிம்பின் தகைவைத் தணிக்கத்தான் பார்க்கின்றன. தடிமனை இரட்டித்தால் தகைவு அப்படியே பாதியாகிவிடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். விறைப்பான இடம் சுற்றியுள்ள சுமையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

டப்ளரின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சாதாரணத் தகடும் ரிவெட் கருவிகளும் போதும். தவறு நடந்தால் கழற்றி மாற்றலாம். தகட்டில் விரிசல் விட்டாலும் டப்ளர் தனித் துண்டு என்பதால் அது கொஞ்ச காலம் சுமையைத் தாங்கி நிற்கும். தடிப்பில் இந்த வசதி இல்லை. ஒரே உலோகம் என்பதால் விரிசல் தடையில்லாமல் ஓடலாம். எங்கள் குழுவில் டப்ளருக்காக வாதாடியவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் டப்ளரைப் பிடித்துவைக்க ரிவெட் வேண்டும். ரிவெட்டுக்குத் துளை வேண்டும். தகைவு ஏற்கனவே ஏறியிருக்கும் இடத்தில் போய் இன்னும் பல சிறு துளைகளைப் போடுகிறோம். பெரிய திறப்பை ஒட்டிய ஓர் இடத்தில் தகைவு 1.8 மடங்கு என்றால், அங்கே போடும் சிறு துளையின் விளிம்பில் அது இன்னொரு மூன்றால் பெருகி 5.4 மடங்கு வரை போகலாம். துளையை இறுக நிரப்பும் ரிவெட் இதைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் ரிவெட் வழியாகக் கடத்தப்படும் சுமை மறுபடி ஏற்றும், அதுவும் டப்ளர் தொடங்கும் முதல் வரிசையில் அதிகமாக.

நடுவானில் உடைந்து விழுந்த காமெட் ஜெட் பயணிகள் விமானங்களின் கதை எல்லோருக்கும் தெரியும். 1954 ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகில் ஒன்று, ஏப்ரலில் இன்னொன்று. சதுர சன்னல்கள்தான் காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த சன்னல்களின் மூலைகள் வளைந்தவைதான். எல்பா விமானத்தின் சிதைவுகளில், விரிசல் கூரையிலிருந்த ஆன்டெனாத் திறப்பின் மூலையை ஒட்டிய ஓர் ஆணித்துளையில் தொடங்கியிருந்தது. திறப்பும் துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் எனக்கு அதில் பாடம்.

இதுவரை சொன்னதை வைத்து மட்டும் நாங்கள் முடிவெடுக்கவில்லை. நல்ல வடிவமைப்பில் டப்ளரின் முனைகளை மெலித்து, துளைகளைச் சூடாக்காமலேயே அழுத்தி விரித்து (விளிம்பு உலோகம் நெருக்கத்தில் இருக்க), ஆயுளைப் போதுமான அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். எங்கள் கணக்கிலும் இரண்டு வடிவமைப்புகளும் தேறின. முடிவைத் தீர்மானித்தது வேறு கேள்வி: பத்தாண்டு கழித்து, கையில் விளக்கோடு வரும் பராமரிப்பாளருக்கு அந்த விளிம்பில் என்ன தெரியும்?

டப்ளர் இருந்தால், தகட்டில் மிகவும் ஆபத்தான பரப்பு டப்ளருக்கு அடியில் மறைந்துகிடக்கும். விரிசல் ரிவெட் தலைக்குக் கீழே தொடங்கும், அல்லது இரண்டு தகடுகளும் தொட்டு உரசும் முகத்தில் தொடங்கும். அதை எடி கரன்ட் கருவியால் (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் காட்டும் கருவி) தேட வேண்டுமானால் குறைந்த அதிர்வெண்ணில் ஆழமாகத் தேட வேண்டும். அப்போது நுண்ணிய விரிசல் அகப்படாது. தடிப்பில் விளிம்பு வெறுமையாக இருக்கிறது. மூடியைக் கழற்றினால் முழு விளிம்பும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். உயர் அதிர்வெண் முனையை வைத்து ஒரு சுற்று வந்தால் போதும்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சில்லை. ஆய்வு இடைவெளியையே மாற்றும் கணக்கு. சேதம் தாங்கும் வடிவமைப்பில், கண்டுபிடிக்கக்கூடிய அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு விரிசல் வளர எடுக்கும் காலத்தைக் கணக்கிட்டு, அதைக் குறைந்தது இரண்டால் வகுத்து ஆய்வு இடைவெளி வைப்பது வழக்கம். விரிசல் சிறிதாக இருக்கும்போதுதான் மிக மெதுவாக வளரும். அது 30 மில்லிமீட்டரில் ஆபத்து என்று வைப்போம். 6 மில்லிமீட்டர் ஆன பிறகுதான் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கும் 1.5 மில்லிமீட்டரிலேயே முடியும் என்பதற்கும், வழக்கமான வளர்ச்சி விதிப்படி, கையிலிருக்கும் காலம் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபடுகிறது. திறப்பை விட்டு விலக விலகத் தகைவு தணிவதால் உண்மையான விகிதம் இதைவிடக் குறையும். பாதியாகக் குறைந்தாலும், தொட்டியைக் காலி செய்து காற்றோட்டம் விட்டு ஆய்வு செய்யும் வேலை பல முறை மிச்சமாகிறது. டப்ளருக்கும் தடிப்புக்கும் எடையில் இருந்த வித்தியாசம் இதன் முன் ஒன்றுமில்லை.

மறைவின் விலை என்ன என்பதற்கு 2002 மே 25-ஐ விடக் கொடுமையான சான்று எனக்குத் தெரியாது. அன்று தைவான் நீரிணையின் மேல் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று நடுவானில் உடைந்தது. 225 பேர் இறந்தார்கள். 1980-ல் வால் ஓடுபாதையில் இடித்ததால் விழுந்த கீறல்களை முழுமையாக நீக்காமல், அவற்றின் மேல் டப்ளர் வைத்து மூடியிருந்தார்கள். அந்தக் கீறல்களிலிருந்து விரிசல்கள் டப்ளருக்கு அடியிலேயே 22 ஆண்டு வளர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது டப்ளர் மட்டும்தான். அது திறப்பு அல்ல, பழுதுபார்ப்பு. முறையான பழுதுபார்ப்பும் அல்ல. ஆனாலும் மூடிய பரப்பு என்ற வகையில் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூடியையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே தேர்ந்தெடுத்தோம். மூடியை வழக்கம்போல் திருகாணிகளால் தகட்டில் பிணைத்தால் விளிம்பைச் சுற்றி மறுபடியும் துளை வரிசை வந்துவிடும். அதற்குப் பதில் உள்ளே ஒரு தட்டு, வெளியே ஒரு வளையம், இரண்டும் ஒன்றையொன்று இறுக்கித் தகட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் வகை மூடியை வைத்தோம். திருகாணிகள் மூடியின் பாகங்களுக்குள்ளேயே முடிந்துவிடும்; இறக்கைத் தகட்டில் ஒரு துளைகூட இல்லை.

தடிப்பு எங்களைச் சோதிக்காமலும் விடவில்லை. முதல் பேனல் மில்லிங் முடிந்து கழற்றியதும் வளைந்துவிட்டது. தடித்த தகட்டுக்குள் அடைபட்டிருக்கும் எஞ்சிய தகைவு, உலோகத்தைச் செதுக்கும்போது விடுபடுகிறது. இழுத்து எஞ்சிய தகைவைத் தளர்த்திய 2024-டி351 என்ற அலுமினியக் கலவைத் தகட்டுக்கு மாறி, இரு பக்கமும் மாறி மாறிச் செதுக்கியபின் சரியானது. வாங்கும் உலோகத்தில் பெரும்பகுதி சீவலாகிப் போவதும் உண்மை. அதைவிட என்னை உலுக்கியது, ஒரு சோதனைத் துண்டில் விரிசல் திறப்பின் விளிம்பில் தொடங்காமல், தடிப்பு முடிந்து மெல்லிய தகடு தொடங்கும் படியில் தொடங்கியதுதான். வெட்டுக்கருவி மேலே தூக்கப்பட்ட இடத்தில் ஒரு சிறு தழும்பு இருந்தது. படியின் வளைவு ஆரத்தைக் கூட்டி, தடிப்பைச் சரிவாக இறக்கி, ஆய்வுக் குறிப்பில் அந்தப் படியையும் சேர்த்தோம். தடிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் விளிம்பைக் கவனிக்கும் அளவுக்கு இந்தப் படியையும் கவனிக்க வேண்டும்.

பசையால் ஒட்டிய டப்ளர் காகிதத்தில் மிக அழகானது: துளையும் இல்லை, சுமையும் பரவலாகக் கடக்கும். நான் அதோடு ஒரே ஒரு வேலைதான் செய்திருக்கிறேன் என்பதால் என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பைத் தயார் செய்வதில் சிறு பிழை நேர்ந்தாலும் ஒட்டு மெல்ல விடும், அது வெளியே தெரியாது என்பதுதான் என் தயக்கம். 1988-ல் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் கூரை பிய்ந்துபோனதற்கு முன் நடந்ததும் இதுதான்: தகட்டு இணைப்பின் ஒட்டு விட்டு, சுமை முழுவதும் ரிவெட் துளைகளின் மேல் இறங்கியிருந்தது. ரிப், ஃபிரேம் போன்ற உட்சட்டங்களின் மெல்லிய சுவர்களுக்கு விளிம்பை மடித்துவிட்ட துளையே போதும். கார்பன் இழைத் தகடுகளுக்கு மேலே சொன்ன எண்களை அப்படியே கொண்டுபோகாதீர்கள். இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடினால், வட்டத் துளைக்கே மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் புதிய ஆன்டெனாவுக்காகத் திறப்பு வெட்டினால் தடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, அங்கே டப்ளர்தான். அப்படி வைக்க நேர்ந்தால், மூடப்படும் பரப்பில் ஒரு கீறலும் இல்லை என்பதை மூடும் முன் பார்த்துப் பதிவு செய்து, டப்ளரின் வெளிவரிசை ரிவெட்டுகளை ஆய்வுக் கருவி எட்டும் இடத்தில் நிறுத்தச் சொல்வேன்.