இரண்டு படம் ஒரே வரிசையில்: சப்கேப்ஷனா, மினிபேஜா, ஒட்டிய படமா?

கேரளத்து மறையூரின் முனியறைகளை, அதாவது கற்பலகைகளால் ஆன பழங்காலக் கல்லறைகளைப் பற்றி ஆய்வேடு எழுதினால் படங்கள் ஜோடி ஜோடியாகத்தான் வரும். இடப்பக்கம் கற்பலகைகள் நிற்கும் புகைப்படம், வலப்பக்கம் அதே அறையை அளந்து போட்ட கோட்டுப்படம். இரண்டும் அருகருகே இருந்தால்தான் மூடுகல் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று படிப்பவருக்குப் பிடிபடும். கட்டளைகளை எழுதி ஆவணம் அச்சுக்கோக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளில் இதற்கு முக்கியமாக மூன்று வழிகள். நான் தேர்ந்தெடுத்தது சப்கேப்ஷன் (subcaption) என்ற கூடுதல் தொகுப்பு, அதைத்தான் மற்றவர்களுக்கும் சொல்வேன்.

இரண்டு படங்களையும் முன்கூட்டியே ஒன்றாக ஒட்டி, ஒரே கோப்பாக உள்ளே போடுவது முதல் வழி. மலையிறங்கி உடுமலைப்பேட்டையில் டிடிபி கடையில் கேட்டால் இதைத்தான் செய்து தருவார்கள். வேலை சுலபம். ஆனால் படத்துக்குள் எழுதிய ‘அ’, ‘ஆ’ எழுத்துகள் படத்தோடு சேர்ந்து சுருங்கும். ஆய்வேட்டின் எழுத்துருவோடும் ஒட்டாது. ஒரு புகைப்படத்தை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி முழுதாக ஒட்ட வேண்டும்.

பக்கத்துக்குள் சிறு பெட்டி போடும் மினிபேஜ் (minipage) இதைவிட எவ்வளவோ மேல். தனியாக எந்தத் தொகுப்பும் தேவையில்லை. பக்க அகலத்தில் 0.48 பங்கு ஒன்றுக்கு, 0.48 இன்னொன்றுக்கு, நடுவே மிச்ச இடத்தை நிரப்பும் ஹெச்ஃபில் (hfill), அவ்வளவுதான். ஆளுக்கு 0.5 என்று கொடுத்தால், இடையில் விழும் சின்ன இடைவெளியே இரண்டாவது படத்தைக் கீழே தள்ளிவிடும். இடையில் ஒரு வெற்று வரி விட்டாலும் அதே கதிதான். கருத்தரங்கக் கட்டுரையில் ஒரே ஒரு ஜோடிப் படம் இருந்தால் மினிபேஜே போதும்.

ஆய்வேடு அப்படியல்ல, அது திருத்தத்திலேயே வளர்வது. நெறியாளர் ஒரு படத்தை முன்னால் கொண்டுவரச் சொல்வார், இன்னொன்றை எடுக்கச் சொல்வார், மூன்றாம் இயலையே இரண்டாக்கச் சொல்வார். மினிபேஜில் ‘அ’, ‘ஆ’ என்று கையால் எழுதி, பத்தியிலும் ‘படம் 3.2ஆ பார்க்க’ என்று கையால் தட்டியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாப் பக்கத்தையும் துழாவ வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் படிப்பவர் தவறான கல்லறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சப்கேப்ஷனில் ஒவ்வொரு துணைப்படத்துக்கும் தனி லேபிள் (label), அதாவது அடையாளப் பெயர் உண்டு. பத்தியில் அதை ரெஃப் (ref) கட்டளையால் கூப்பிட்டால் படத்தின் எண்ணும் துணை எழுத்தும் சேர்ந்தே வரும். சப்ரெஃப் (subref) என்றால் எழுத்து மட்டும். படங்களை எப்படி இடம் மாற்றினாலும் எண் தானே சரியாகும். லேபிளைப் படவிளக்கத்துக்குப் பிறகு வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. எண் இப்படித் தானே சரியாவதுதான் நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குப் பெரிய காரணம்.

அடுத்தது சீரமைப்பு. புகைப்படம் படுக்கை வாக்கில், கோட்டுப்படம் நெடுக்கு வாக்கில் இருக்கும்போது அகலத்தைச் சமமாக்கினால் உயரம் ஏறுக்குமாறாகும். அதனால் இரண்டுக்கும் ஒரே உயரம் கொடுங்கள், 5 செ.மீ. என்பது போல. சப்கேப்ஷன் தொகுப்பின் சப்கேப்ஷன்பாக்ஸ் (subcaptionbox) கட்டளை படத்தின் அகலத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு விளக்கம் ஒரு வரி, மற்றது மூன்று வரி என்றாலும் இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கும். அதே தொகுப்பின் சப்ஃபிகர் (subfigure) சூழலில் இதையே செய்ய ‘டி’ (t) விருப்பம் வேண்டும். அது மேல்விளிம்பைச் சேர்க்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சேர்ப்பது முதல் வரியின் அடிக்கோட்டை, அதாவது எழுத்துகள் உட்காரும் மட்டத்தை. லேடெக்குக்குப் படத்தின் அடிக்கோடு அதன் கீழ்விளிம்பு. ஆகவே ‘டி’ போட்டால் சேர்வது படங்களின் கீழ்விளிம்புகள். மேல்விளிம்புதான் வேண்டுமென்றால் படத்துக்கு முன்னால் பூஜ்ய அளவில் ஒரு விஸ்பேஸ் (vspace), அதாவது நெடுக்கு இடைவெளிக் கட்டளை வைக்க வேண்டும்.

துணை எழுத்து வழக்கமாக ஆங்கிலத்தில் வரும். திசப்ஃபிகர் (thesubfigure) கட்டளையைத் திருத்தி எழுதினால் அ, ஆ, இ என்று வரவைக்கலாம். யூனிகோட் எழுத்துகளை நேரடியாக ஏற்கும் ஸீலேடெக்கில் (XeLaTeX) தமிழில் எழுதுவோருக்கு இது நிறைவான விஷயம்.

பழைய வார்ப்புருவில் (template) இதே வேலைக்கான சப்ஃபிக் (subfig) தொகுப்பு இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் சப்கேப்ஷனைச் சேர்க்க வேண்டும், இரண்டும் ஒன்றாக ஓடாது. பத்திரிகையின் வார்ப்புருவே சப்ஃபிக் கேட்டால் அதற்குக் கட்டுப்படுவதுதான் சரி. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் இரண்டு பத்தி (two-column) அமைப்பில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே பக்க அகலம் முழுக்க வர நட்சத்திரக்குறியிட்ட ஃபிகர் சூழல் (figure*) வேண்டும், அது பெரும்பாலும் அடுத்த பக்கத்தின் தலையில்தான் போய் உட்காரும்.