குறித்த நேர ஜெபமா, நாள் முழுவதும் தொடரும் பேச்சா?

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க விரும்பும் பெற்றோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தினமும் ஒரே நேரத்தில் கூடும் குடும்ப ஜெபம். மற்றொன்று, அன்றாட வேலைகளுக்கு நடுவே கடவுளைப் பற்றிப் பேசுவது.

முதல் வழியின் பலம் ஒழுங்கு. வேதாகமம் (பைபிள்) வரிசையாக வாசிக்கப்படுகிறது. சின்னப் பிள்ளைக்கும் வாய்விட்டு ஜெபிக்கும் பழக்கம் வருகிறது. ஆனால் நடத்துகிறவர் அதைப் பிரசங்க மேடையாக்கிவிட்டால், அன்று நடந்த தவறெல்லாம் ஜெபத்திலேயே குத்திக்காட்டப்படும். கண்ணை மூடியிருக்கும் மகனுக்கு அது தன்மீது விழும் திட்டு என்று நன்றாகவே தெரியும்.

இரண்டாவது வழிக்கு வேதாகமத்தின் உபாகமம் 6:7 ஆதாரம்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் பேச வேண்டும். இளம் ஊழியர் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்கிறார் அப்போஸ்தலன் பவுல். இந்த வழியில் வேஷம் செல்லாது. கோபத்தில் கத்திய தந்தை, சற்று நேரம் கழித்து மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து, "நான் பேசியது தப்பு, மன்னித்துவிடம்மா" என்கிறார். மன்னிப்பு என்ற சொல் அவளுக்கு அங்கேதான் புரிகிறது. குறையும் உண்டு: பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், பேச்சே இல்லாமல் மாதங்கள் ஓடிவிடும்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். 40 ஆண்டுகள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்த ஆசாரியன் ஏலி, தன் மகன்களை அடக்கவில்லை.

ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால், நான் இரண்டாவதையே தேர்வேன். குடும்ப ஜெபத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதன்பின் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு நேரம் மிச்சமிருக்க வேண்டும்.