கண்ணாடிக் கவசம் போட்ட வழிப்பறிக்காரன்: ஆப்ளிவியனோடு 17 வருடம்

2008 தீபாவளிக்கு ஊருக்கு வந்த மச்சான் சென்னையிலிருந்து ஒரு டிவிடி கொண்டுவந்தான். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் நான்காவது கேம், ஆப்ளிவியன். வெளிவந்தது 2006 மார்ச்சில். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்துசேர இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அப்போது எங்களிடம் இருந்த கம்ப்யூட்டரில் 512 எம்பி ராம். கேம் குறைந்தபட்சமாகக் கேட்டதும் அதே 512தான். சரி, ஓடாமலா போய்விடும் என்று போட்டோம். ஓடியது, செட்டிங்ஸில் போய் புல்லையெல்லாம் பிடுங்கிப் போட்ட பிறகு.

அதற்கப்புறம் இரண்டு கம்ப்யூட்டர் மாறிவிட்டது, எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இன்னமும் விட்டுவிட்டு இதை ஆடிக்கொண்டிருக்கிறேன். நரகத்தின் வாசல்கள் திறக்கின்றன, நாம் போய் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும் என்கிற கதையை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது இதன் கோணல்களைப் பற்றி. பெரும்பாலானவை ரசிக்கத்தக்க கோணல்கள். ஒன்றை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

முதலில் ஊர்க்காரர்கள். ஒவ்வொருவரும் காலையில் எழுந்து, வேலைக்குப் போய், சாப்பிட்டு, ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். 2006-இல் அது பெரிய வித்தை. ஆனால் இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டுப் பேச ஆரம்பித்தால் வந்தது வினை. "நேற்று ஒரு சேற்று நண்டைப் பார்த்தேன்" என்பார் ஒருவர். "கேடுகெட்ட ஜந்து" என்பார் மற்றவர். அடுத்த நொடியே "போய் வருகிறேன்" என்று இருவரும் திரும்பி நடந்துவிடுவார்கள். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "இவங்களுக்கும் அடுப்புல பால் வச்சுட்டு வந்த ஞாபகம் வந்திருக்கும்லே" என்றாள்.

குரல்கள் இன்னொரு கூத்து. அத்தனை ஊர்களுக்கும் சேர்த்துக் கைவிரல் விட்டு எண்ணிவிடும் அளவுக்குத்தான் குரல் நடிகர்கள். பிச்சைக்காரக் கிழவர் தொண்டை கட்டின குரலில் காசு கேட்பார். ஊர்ச் செய்தி என்ன என்று கேட்டால் செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்று பதில் வரும். பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட். அவரோ கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போவார். "பட்ஜெட்டு பூரா அவருக்கே போயிட்டுல மாப்ள" என்பான் மச்சான். தலைநகரத்துக் கோயிலில் டான்டில்வே என்றொரு பெண் இருக்கிறாள். பேசிக்கொண்டே வருகிறவள் நடுவில் நிறுத்தி, "ஒரு நிமிஷம், இதை மறுபடியும் சொல்கிறேன்" என்று அதே வரியைத் திரும்பச் சொல்வாள். ஒலிப்பதிவில் தப்பியது அப்படியே கேமுக்குள் வந்துவிட்டது. முதல் தடவை கேட்டபோது ஸ்பீக்கர்தான் கோளாறு என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன்.

ஊர்க்காரர் ஒருவரை நம் பக்கம் இழுக்கத் திரையில் ஒரு வட்டம் வரும். புகழ்வது, பெருமையடிப்பது, ஜோக் சொல்வது, மிரட்டுவது என்று நான்கு துண்டு. நான்கையும் வரிசையாகச் செய்தே ஆக வேண்டும், ஒன்றை விடக்கூடாது. அதனால் கடைக்காரரை மிரட்டி, அதே மூச்சில் ஜோக் சொல்லி, உடனே புகழ வேண்டும். அவர் முகம் கோபம், சிரிப்பு, அருவருப்பு என்று நவரசத்தையும் காட்டிவிட்டு, கடைசியில் விலையைக் குறைப்பார். நடக்காத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் சித்தப்பா டவுனில் வேட்டி எடுப்பதும் ஏறக்குறைய இந்த முறையில்தான்.

இனி அந்த மன்னிக்க முடியாத கோணல். நாம் லெவல் ஏற ஏற, எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். தொடக்கத்தில் ஏழு மேஜர் திறமைகளைத் தேர்ந்தெடுக்கிறோம். அவை மொத்தமாகப் பத்து புள்ளி உயர்ந்ததும் ஒரு கட்டிலில் படுத்துத் தூங்கினால் அடுத்த லெவல். மச்சான் ஓட்டத்தையும் தாவலையும் மேஜராக எடுத்துக்கொண்டான். தாவினால்தான் தாவல் உயரும் என்று வீதியில், கடையில், கோயிலுக்குள்ளும் குதித்துக் குதித்தே போனான். லெவல் மளமளவென்று ஏறியது, வாள்வீச்சு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. பதினெட்டாம் லெவலில் ஒரு குகைக்குள் கோப்ளின் என்கிற குட்டிப் பூதங்களின் தலைவனை வெட்ட ஆரம்பித்தான். நான் கீழே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். இன்னும் வெட்டிக்கொண்டிருந்தான். "செத்துத் தொலையேம்ல சவத்து மூதி" என்று அவன் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வழிப்பறிக்காரர்கள் கதை இதைவிட மோசம். ஆரம்பத்தில் கிழிந்த தோல் சட்டையோடு வழிமறித்து நூறு தங்கம் கேட்பார்கள், நியாயம். இருபதாம் லெவலைத் தாண்டிய பிறகும் அதே நூறுதான், ஆனால் இப்போது உடம்பில் பச்சையாக மின்னும் கண்ணாடிக் கவசம். அதில் ஒரு துண்டை விற்றாலே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவ்வளவு வசதி உள்ளவன் என்னத்துக்குக் காட்டில் வெயிலில் நின்று நூறு கேட்கிறான்?

இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிது: தூங்காதே. படுத்தால்தானே லெவல் ஏறும்? கூடிப்போனால் இரண்டாம் லெவலோடு நிறுத்திக்கொண்டு மொத்தக் கதையையும் முடித்துவிடலாம், எதிரிகளும் நோஞ்சானாகவே இருப்பார்கள். வீரன் வளரக் கூடாது என்று ஆட்டக்காரனே காவல் இருக்க வேண்டிய கேம் என்ன கேம்? நான் அதைச் செய்யவில்லை. 2010 வாக்கில் ஓஸ்குரோஸ் ஓவர்ஹால் என்கிற மாட், அதாவது கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்த இணைப்பு, போட்டேன். உலகம் எனக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டது. சில குகைக்குள் போனால் அடித்துத் துரத்தினார்கள். அப்போதுதான் எனக்கு இந்த கேம் உண்மையிலேயே பிடித்தது.

கேமில் வரும் சண்டை அரங்கத்தில் சாம்பியன் ஆனால் ஒரு ரசிகன் ஒட்டிக்கொள்வான். மஞ்சள் முடி நட்டுக்க நிற்கும், ஓயாமல் நம்மைப் புகழ்வான், ஆபத்து வந்தால் முதல் ஆளாக ஓடுவான். அவனை மலையிலிருந்து தள்ளிவிடாத ஆட்டக்காரர் குறைவு. தள்ளினாலும் மூன்று நாளில் அதே இளிப்போடு திரும்பி வந்து நிற்பான். எனக்கு அவன்மேல் கோபமே வந்ததில்லை. 2012-இல் ராத்திரியும் பகலுமாகக் கரண்ட் போன காலத்தில், எஃப்5 அழுத்தி சேவ் பண்ணும் நேரம் பார்த்து ஒருநாள் போய், அந்த சேவ் கெட்டுப்போனது. பழைய சேவை எடுத்தால் நாற்பது மணி நேர ஆட்டம் காலி, இவன் மட்டும் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பெயின்ட் பிரஷ் தெரியுமா? இந்த கேமில் அதைக் கீழே போட்டால் விழாது, காற்றில் அப்படியே நிற்கும். அதன்மேல் ஏறி நிற்கலாம். ஒன்றைப் போட்டுத் தாவி, அடுத்ததைப் போட்டுத் தாவி, படிக்கட்டு மாதிரி ஏறி ஒரு தடவை நகர மதிலைத் தாண்டினேன். நகரங்கள் தனித்தனியாக லோட் ஆகிறவை. அந்தப் பக்கம் ஆளும் இல்லை, ஆடும் இல்லை, அரைகுறையாக வரைந்த பொம்மை நிலம்தான்.

2025 ஏப்ரலில் ரீமாஸ்டர், அதாவது இதே கேமின் புதுப்பித்த பதிப்பு, வந்தது. என் லேப்டாப் தாங்காது. மச்சான் வீட்டில்தான் ஆடிப் பார்த்தேன். நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கிறது. லெவல் ஏறும்போது பன்னிரண்டு புள்ளியை வலு, வேகம் போன்றவற்றுக்கு நாமே பிரித்துக் கொடுக்கலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். நல்ல மாற்றம், மச்சான் இப்போது நிம்மதியாகத் தாவுகிறான். ஆனால் எதிரிகள் நம்மோடு ஏறுவது போகவில்லை.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பழையதையே வாங்குங்கள், கேமின் பிழைகளைத் திருத்த ரசிகர்கள் எழுதிய அன்அஃபிஷியல் பேட்சையும் போட்டுக்கொள்ளுங்கள். மிக நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு கதவுகள் மெதுவாகத் திறக்க ஆரம்பித்தால் பதற வேண்டாம், ஹார்ட் டிஸ்க் போகவில்லை. அதுவும் கேமின் கோளாறுதான், அதைச் சரிசெய்யவும் ரசிகர்களிடம் கருவி இருக்கிறது.

குதிரைக் கவசம் பற்றிக் கேட்பீர்கள். 2006-இல் இரண்டரை டாலருக்கு, அன்றைய கணக்கில் நூறு ரூபாய்க்கு மேல், குதிரைக்கு ஒரு சட்டையை விற்றார்கள். உலகமே சிரித்தது. ரீமாஸ்டரின் டீலக்ஸ் பதிப்பில் கூடுதல் காசுக்கு என்ன தருகிறார்கள் என்று பார்த்தேன். அந்தப் பட்டியலிலும் புதிதாகத் தைத்த குதிரைக் கவசம் இருக்கிறது. மச்சான் வாங்கிவிட்டான்.