கொம்பு உடையாத சார்ட்

ஏற்காட்டில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டார் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அதனால் அறிவியல் கண்காட்சிக்குக் காப்பியையே எடுத்தோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் செடியைக் கொண்டுவந்ததில் தொடங்கி, கோடை மழை விழுந்ததும் பூப்பது, பழம் பறிப்பது, தோல் உரித்துப் புளிக்க வைத்துக் கழுவுவது, களத்தில் காயப்போடுவது வரை எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும்.

இணையத்தில் படம் வடிவமைக்கும் தளங்களைத் தேடினேன். முதலில் எடுத்த தளத்தில் டெம்ப்ளேட்டுகள் அழகு, திரையில் தமிழும் சரியாகவே இருந்தது. பிடிஎஃப் ஆக்கி, சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஃப்ளெக்ஸ் அடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து விரித்தால், ‘கொட்டை’யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். “டீச்சர், எழுத்து உடைஞ்சிருக்கு” என்றாள் ஏழாம் வகுப்புப் பெண். எனக்கு மனசே ஆறவில்லை.

இப்போது எந்தத் தளம் என்றாலும் டெம்ப்ளேட்டைப் பார்க்கும் முன் மூன்று சொற்களை அடிக்கிறேன்: கொட்டை, சேர்வராயன், பௌர்ணமி. கொம்பை எழுத்துக்குப் பிறகுதான் கணினி சேமிக்கிறது. காட்டும்போது முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்யாத மென்பொருளில்தான் எழுத்து உடைகிறது. ஆகவே திரையை நம்பாமல், இறக்கிய பிடிஎஃப்பை வேறொரு கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேன்வா என்ற தளத்தில் மூன்று சொல்லும் தேறின. பள்ளி ஆசிரியர் என்று சான்று காட்டினால் கல்விக் கணக்கு இலவசம். மற்றவர்களுக்கு ஒரு விஷயம்: அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் இறக்குவது சாதாரண இலவசக் கணக்கில் கிடையாது. திரையில் பளிச்சென்று இருக்கும் பழச் சிவப்பு அச்சில் மங்கலாம். சின்னதாக ஒரு தாளில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் மழைமானி வைத்து எழுதிய மாத மழைக் கணக்குக்கு டேட்டாரேப்பர் என்ற தளத்தை எடுத்தேன். எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டினால் வரைபடம் வந்துவிடும். இலவசமாகப் பிஎன்ஜி படம் கிடைக்கும், பிடிஎஃப்புக்குப் பணம். இன்ஃபோகிராமில் ஊடாடும் வரைபடங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் இலவசக் கணக்கில் செய்வது எல்லோர் பார்வைக்கும் போகும். பிள்ளைகளின் படம் இருக்கிற வேலையை அதில் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

எந்தத் தளத்திலும் கிடைக்காதது எங்கள் மலைதான். காப்பி என்று தேடினால் கோப்பையும் வறுத்த கொட்டையும் வருகின்றன. இடுப்பில் சாக்கு கட்டிப் பழம் பறிக்கிற பெண் இல்லை, சில்வர் ஓக் நிழலும் இல்லை. அவற்றைப் பிள்ளைகளே வெள்ளைத் தாளில் வரைந்தார்கள். போனில் எடுத்து ஏற்றினோம். ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டைதான் என்பதை ஆறு கூடை, ஒரு பை என்று ஒரு பையன் வரைந்தான். சார்ட்டில் எல்லோரும் முதலில் நின்று பார்த்தது அதைத்தான்.

கண்காட்சிக்கு வந்த ஒரு அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, “புளிக்க ஒரு ராத்திரினு போட்டிருக்கீங்க டீச்சர். குளிர் காலத்துல பத்தாது, கூட ஆகும்” என்றார். அன்று மாலையே கேன்வா கணக்கைத் திறந்து அந்த வரியைத் திருத்தினேன்.