சிங்கப்பூர், காம்பியா, சான்சிபார்: பெரிய அண்டை நாட்டோடு சேர்ந்தபோது எதை எழுதி வாங்கினார்கள்?

போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலங்களான சபாவும் சரவாக்கும் மக்களவையில் மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்கும்போது, பினாங்கில் பலர் அதைக் கடலுக்கு அப்பாலுள்ள விவகாரம் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதன் வேர் சிங்கப்பூரில் இருக்கிறது. மலேசியா உருவான 1963-இல் மக்களவையில் மொத்தம் 159 இடங்கள்: மலாயாவுக்கு (தீபகற்பத்துக்கு) 104, சரவாக்கிற்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 106 பேர் வேண்டும். மலாயா முழுதும் ஒன்றாகக் கை தூக்கினாலும் இரண்டு குறையும். 1965-இல் சிங்கப்பூர் போனதும் அந்தத் தடுப்பும் போய்விட்டது. இன்று 222-இல் சபா, சரவாக்கிற்குச் சேர்த்து 56தான்.

சிங்கப்பூர் ஏன் வெறும் 15-க்கு ஒப்புக்கொண்டது? அதன் மக்கள்தொகை சரவாக்கைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆனாலும் கல்வியையும் தொழிலாளர் துறையையும் தன் கையில் வைத்துக்கொள்ள, இடங்களை விட்டுக்கொடுத்தது. அங்கு வசூலாகும் கூட்டரசு வரியில் 40 விழுக்காடு கோலாலம்பூருக்கு; சபா, சரவாக் வளர்ச்சிக்கு 15 கோடி வெள்ளி கடன். பதிலுக்குக் கேட்டது பொதுச் சந்தை. அதை 12 ஆண்டுகளில் படிப்படியாகக் கொண்டுவருவதாக எழுதினார்கள். வரி உடனே, சந்தை மெல்ல மெல்ல: கோளாறு இங்கேதான். சந்தை நகரவில்லை, நிதியமைச்சர் தான் சியூ சின் 40-ஐ 60 ஆக்கக் கேட்டார். 1964 தேர்தலில் சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் போட்டியிட்டு, தேவன் நாயர் நின்ற பங்சார் தொகுதியில் மட்டும் வென்றது. கோலாலம்பூரை ஆண்ட கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவுடன் பகை முற்றியது. ஜூலையில் சிங்கப்பூரில் இனக் கலவரம். 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிவினை மசோதா 126-0 என நிறைவேறியது.

நாடாளுமன்ற இடங்கள் குறைந்ததுதான் கோளாறு என்றால், செனகல் சூழ்ந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா தப்பித்திருக்க வேண்டும். அங்கு நடந்த 1981 கிளர்ச்சியைச் செனகல் படை அடக்கிய பிறகு, 1982 பிப்ரவரியில் இரு நாடுகளும் சேர்ந்த செனகாம்பியா கூட்டமைப்பு உருவானது. பொது நாடாளுமன்றத்தின் 60 இடங்களில் சின்னஞ்சிறு காம்பியாவுக்கு 20. ஆனால் காம்பியாவின் பிழைப்பே குறைந்த தீர்வையில் சரக்கை இறக்கி, எல்லை தாண்டி விற்பது. செனகலின் தீர்வை உயரம். சுங்க ஒன்றியம் வந்தால் அந்த வணிகம் படுத்துவிடும் என்று காம்பியா இழுத்தடித்தது. 1989 செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. பினாங்குக்காரர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. தீர்வையில்லாத் துறைமுகம் பறிபோகும் என்றுதான் 1949-இல் இங்கே மலாயாவிலிருந்து பிரியத் தீர்மானம் வந்து, பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாக்குகளால் தோற்றது. அந்தத் தகுதி 1969-இல் உண்மையிலேயே போனது.

கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் மட்டும் 1964 ஏப்ரலிலிருந்து பெருநிலமான தாங்கனிக்காவோடு சேர்ந்து, தான்சானியா என்ற ஒரே நாடாக நிற்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமை என 11 விஷயங்கள் மட்டும் பொது. மற்றவற்றுக்குத் தனி அதிபர், தனி மன்றம். தான்சானியாவின் மக்கள்தொகையில் 3 விழுக்காடுதான் என்றாலும், 2020 தேர்தலில் 264 தொகுதிகளில் 50 சான்சிபாருடையவை. அதைவிடப் பெரிய காப்பு வேறு: ஒன்றியத்தின் அடிப்படை விஷயங்களைத் திருத்த, பெருநிலத்து உறுப்பினரில் மூன்றில் இரண்டும் சான்சிபார் உறுப்பினரில் மூன்றில் இரண்டும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். குறை இல்லாமல் இல்லை. அந்த 11 இன்று 22 ஆகிவிட்டது. சான்சிபாரில் அதற்கான மனக்கசப்பு இன்னும் தீரவில்லை.

அதனால் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மட்டும் கேட்பது போதாது என்பேன். இட விகிதம் மக்களவை இடங்களைக் கூட்டும் திருத்தங்களில் கரையக்கூடியது. 1965-க்குப் பிறகு இங்கே கரைந்தது அப்படித்தான். சில திருத்தங்களுக்கு மாநில ஆளுநரின் இசைவு வேண்டும் என்ற 161E பிரிவு மலேசிய அரசமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விரிவாக்கி, மலேசியாவை உருவாக்கிய 1963 உடன்பாட்டைத் தொடும் எந்தத் திருத்தத்துக்கும் சபா, சரவாக் உறுப்பினர்களின் தனி வாக்கெடுப்பைச் சேர்ப்பதே உறுதியான வழி. வருமானப் பங்குக்கு விழுக்காட்டோடு, எந்த ஆண்டில் எவ்வளவு என்ற தவணையும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.