ஸ்லிம்பிரிட்ஜ் வெட்லாண்ட் சென்டர்: குளிர்காலத்துல போங்க, ஈயத்தைப் பத்தியும் கேளுங்க

இங்கிலாந்துல செவர்ன் ஆத்தங்கரையில இருக்கிற ஸ்லிம்பிரிட்ஜ் வெட்லாண்ட் சென்டருக்கு (நீர்ப்பறவைங்களுக்கான சரணாலயம்) கண்ணை மூடிட்டு அஞ்சு ஸ்டார் குடுப்பேன், ஆனா நவம்பர் கடைசியில இருந்து பிப்ரவரிக்குள்ள போகணும். கோடையில போனாலும் பசங்களுக்கு நல்லா பொழுது போகும், ஃபிளமிங்கோ இருக்கு, ஹவாய் தீவோட நேனே வாத்து காலடியிலயே சுத்தும். ஆனா ஆர்க்டிக் ரஷ்யாவுல இருந்து பறந்து வர்ற பியூவிக் ஸ்வானை, அதாவது ஒரு வகை அன்னத்தை, பாக்கணும்னா குளிர்ல தான் போயாகணும். வார்டன் தள்ளுவண்டியில தானியம் கொண்டு வந்து அள்ளி வீசுவாங்க, மைக்ல விளக்கமும் சொல்வாங்க, நாம கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாக்கலாம்.

1946ல இதை ஆரம்பிச்சவர் பீட்டர் ஸ்காட். சின்ன வயசுல அவரே பெரிய வாத்து வேட்டைக்காரர், அப்புறம் துப்பாக்கியை விட்டுட்டு பறவைகளை காப்பாத்த வந்தவர். ஒவ்வொரு பியூவிக் ஸ்வானுக்கும் அலகுல மஞ்சளும் கருப்பும் வேற வேற மாதிரி இருக்கும், அதை வரைஞ்சு வெச்சு 1964ல இருந்து ஒவ்வொண்ணுக்கும் பேர் குடுத்து அடையாளம் வெச்சுட்டு வர்றாங்க.

எனக்கு இந்த இடம் முக்கியமா படுறதுக்கு காரணம் ஈயம். அங்க இருந்த வொலன்டியர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், பொறுமையா சொன்னார். நம்ம கோழி வெட்டும்போது உள்ள கெட்டியா ஒரு உருண்டை வரும், கிழிச்சா மண்ணும் கல்லுமா இருக்கும்ல, அந்த அரைவைப்பை தான் வாத்துக்கும் அன்னத்துக்கும் பல்லு மாதிரி. அதுக்காக குளத்தடியில பொடிக்கல்லு பொறுக்கும், அந்த இடத்துல வேட்டைக்காரங்க சுட்ட ஈய ரவை (துப்பாக்கித் தோட்டாவுல இருந்து சிதறுற குட்டி ஈய உருண்டை) வருஷக்கணக்கா சேத்துல கிடக்கும், கல்லுன்னோ விதைன்னோ நினைச்சு அதையும் முழுங்கிடும். உள்ள போனதும் அரைபட்டு, அமிலத்துல கரைஞ்சு ரத்தத்துல கலந்துடும். ரத்தசோகை வரும், சாப்பாடு கீழ இறங்காம தொண்டைக்குழாய்லயே அடைச்சுக்கும், றெக்கை தொங்கிடும், கழிவு பச்சையா போகும், உடம்பு எலும்பும் தோலுமா ஆகி ரெண்டு மூணு வாரத்துல செத்துடும். ஒரு வாத்தை கொல்ல ஒண்ணு ரெண்டு ரவையே போதும். கூட்டமா செத்தா தான் நம்ம கண்ணுக்கு தெரியும், இது ஒவ்வொண்ணா புதருக்குள்ள ஒதுங்கி சாகுது, நரி தூக்கிட்டு போயிடுது, அதனால தான் இவ்வளவு நாள் யாரும் கண்டுக்கல. பிரிட்டன்ல மட்டும் வருஷத்துக்கு 50,000ல இருந்து 1,00,000 நீர்ப்பறவை இப்படி சாகுதுன்னு கணக்கு.

சட்டம் இல்லையான்னா இருக்கு. இங்கிலாந்துல 1999லயே வாத்தை ஈயத்தால சுடக்கூடாதுன்னு சட்டம் போட்டாச்சு, ஆனா 2013-14ல கடையில வாங்கின காட்டு வாத்தை சோதிச்சப்போ நூத்துக்கு 77 ஈயத்தால சுட்டது! எனக்கு இன்னமும் கோவம் வருது. 2020ல வேட்டை அமைப்புங்க அஞ்சு வருஷத்துல நாங்களே ஈயத்தை விட்டுடுறோம்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் கடையில கிடைக்கிற ஃபெசன்ட்ல (கறிக்காக வேட்டையாடுற ஒரு காட்டுக்கோழி வகை) கிட்டத்தட்ட எல்லாமே ஈய ரவையோட தான் இருந்துச்சு. ஸ்டீல் ரவை எடை கம்மி, தூரம் போகாதுன்னு சாக்கு சொல்றாங்க, கொஞ்சம் பெரிய சைஸ் ரவை போட்டா வேலை முடிஞ்சது, டென்மார்க்ல 1996ல இருந்து ஈய ரவையே இல்லாம தான வேட்டையாடுறாங்க. அமெரிக்காவுல 1991ல நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை தடை பண்ணாங்க, அதனால 1997ல மட்டும் 14 லட்சம் வாத்து பிழைச்சிருக்கும்னு கணக்கு போட்டாங்க. பிரிட்டன்லயே மீன்பிடி தூண்டில்ல மாட்டுற ஈய எடையை 1987ல தடை பண்ணதும் ஆத்துல இருந்த மியூட் ஸ்வான்ங்கிற இன்னொரு அன்ன வகையோட கூட்டம் மறுபடி பெருகிடுச்சு.

இன்னொண்ணு, எக்ஸ்ரே. 1970கள்ல பியூவிக் ஸ்வானை எக்ஸ்ரே எடுத்தப்போ மூணுல ஒண்ணுக்கு மேல உடம்புக்குள்ள துப்பாக்கி ரவை இருந்துச்சு. அது முழுங்கினது இல்ல, யாரோ சுட்டு தசையில தங்கினது, போற வழி முழுக்க சட்டத்தால பாதுகாக்கப்பட்ட பறவையை! தசையில இருக்கிற ரவையை விட வயித்துக்குள்ள போறது தான் விஷமா மாறும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இங்க குளத்துல தலையை விட்டு காலை மேல தூக்கிட்டு மேயுற ஊசிவால் வாத்தை கட்டாயம் பாருங்க, ஈயத்தை அதிகமா முழுங்குற இனத்துல அதுவும் ஒண்ணு. நம்ம வேடந்தாங்கலுக்கும் இதே இனம் வருது, அங்க ஊர்க்காரங்க பிரிட்டிஷ் சிப்பாய்ங்க பறவையை சுடுறதை எதிர்த்து நின்னு 1798லயே கலெக்டர்கிட்ட பறவைங்களுக்கு பாதுகாப்பு உத்தரவு எழுதி வாங்கினவங்க.

போறவங்களுக்கு: கார்ல எம்5 நெடுஞ்சாலையில ஈஸியா வந்துடலாம், ட்ரெயின்னா கேம் அண்ட் டர்ஸ்லில இறங்கி டாக்ஸி. காத்து ஆத்துல இருந்து நேரா வந்து அடிக்கும், குல்லா கையுறை வேணும், பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க. அரை நாள் பத்தாது, பீட்டர் ஸ்காட் வீட்டையும் பாருங்க, ஜன்னலுக்கு நேரா குளம். 2025 ஜூலைல பிரிட்டிஷ் அரசாங்கம் ஈய ரவைக்கு தடைன்னு அறிவிச்சிருக்கு, ஆனா மூணு வருஷ அவகாசம் இருக்கு. அதுவரைக்கும் ரெஸ்டாரன்ட்ல மெனுல காட்டு வாத்து, ஃபெசன்ட் பாத்தீங்கன்னா எதால சுட்டதுன்னு கேளுங்க, பதில் தெரியலைன்னா வேற ஆர்டர் பண்ணுங்க, ஈயம் கறியிலயும் கலந்திருக்கும், குறிப்பா குழந்தைங்களுக்கும் மாசமா இருக்கிறவங்களுக்கும் அதை குடுக்காதீங்க.