பாளையங்கோட்டையில் கேட்ட நான்கு பருவங்கள்

எங்கள் திருச்சபையில் ஒன்பது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பாமாலை வாசிக்கும்போது ஒன்பது பேரும் என் கையையே பார்ப்பார்கள். கையை இறக்கிவிட்டேன் என்றால் மூன்றாவது வரிக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று காதுகொடுக்கப் பழகவில்லை, அதுதான் குறை. அதற்காகவே தேடி வாங்கிய சிடி இது. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்', பருவத்துக்கு ஒன்றாக நாலு வயலின் கச்சேரி, ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி. வாசிப்பது லண்டனின் அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் என்ற சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, அதாவது சின்ன வாத்தியக் குழு. தனி வயலின் ஆலன் லவ்டே, நியூசிலாந்தில் பிறந்தவர். இயக்கியவர் நெவில் மாரினர். 1969-இல் பதிவானது. மூன்று மாதமாக வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

குழுவின் பெயரே எனக்குப் பிடித்துப்போனது. செயின்ட் மார்ட்டின் என்பது லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிற கிறிஸ்தவக் கோயில். இப்போது சுற்றிலும் பஸ்ஸும் கூட்டமும்தான், ஆனால் ஒரு காலத்தில் அது ஊருக்கு வெளியே வயலுக்கு நடுவில் நின்றிருக்கிறது. அந்த வயல்தான் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெல்லுக்கு வேலி கட்டிய கதையை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு இது புரியாமல் இருக்குமா? கோயிலின் சாயலைப் பார்க்க லண்டன் போகவும் வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் என்ற சர்ச் இருக்கிறது. 1821-இல் அதைக் கட்டியது இந்த செயின்ட் மார்ட்டினை மாதிரியாக வைத்துத்தான்.

மாரினர் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசைக்குத் தலைவராக இருந்தவர். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் எண்பது, நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் நின்று கை காட்டி நடத்துகிற கண்டக்டர் சொன்னபடி வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வேலை. அந்த மாதிரி வாசித்து அலுத்த சிலர் 1958-இல் ஒன்றுசேர்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், தந்தி வாத்தியங்கள், கண்டக்டர் கிடையாது. முதல் நாற்காலியில் மாரினர் வயலினோடு உட்கார்ந்து வில்லாலேயே தொடக்கம் காட்டினார். முதல் கச்சேரி 1959 நவம்பர் 13 அன்று, அதே கோயிலில். அப்புறம் குழு பெரிதாகி, பெரிய உருப்படிகளையும் எடுத்தபோது மாரினர் எழுந்து நின்று இயக்க ஆரம்பித்தார். இதுவரை 500-க்கும் மேற்பட்ட பதிவுகள். மொசார்ட்டைப் பற்றிய 'அமேதியஸ்' படத்தில் கேட்பதும் இவர்கள் வாசிப்புதான். 2011-இலிருந்து பொறுப்பை ஏற்ற ஜோஷுவா பெல் மறுபடியும் வயலினோடு நாற்காலியிலிருந்தே நடத்தினார். தொடங்கிய இடத்துக்கே குழு திரும்பியதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சரி, சிடிக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டது 'வசந்தம்' கச்சேரியின் நடுப்பகுதி. அதில் ஆட்டிடையன் தூங்குகிறான். வயலின் வரிசை இரண்டும் இலை அசைவதுபோல மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கின்றன. தனி வயலின் மேலே நீளமாக ஒரு பாட்டு இழுக்கிறது. கீழே வயோலா, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம், அது மட்டும் இரண்டிரண்டு சுரமாக 'லொள், லொள்' என்கிறது. அது இடையனின் நாய். வயோலா எப்போதும் பலமாக, வில்லைப் பிய்த்து வாசிக்க வேண்டும் என்று விவால்டியே எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் மூச்சுச் சத்தத்துக்கு வாசிக்க, ஒரு வரிசை மட்டும் குலைக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் இடையன் எழுந்துவிடுவான், குறைந்தால் நாயே இல்லை. இந்தப் பதிவில் நாய் தெருக்கோடியில் குலைக்கிற தூரத்தில் இருக்கிறது. ஒரு தடவைகூட அது கிட்டே வந்து விழவில்லை.

ஒன்பதில் சின்னவள், ஏழாவது படிக்கிறாள், கேட்டாள்: "யாரு டீச்சர் கை காட்டுதாங்க?"

"இதுல மாரினர் நடத்துதாரு. ஆனா இவங்க பழகுனது ஆள் இல்லாமலே. அந்த வயோலாக்காரங்க எதைக் கேட்டு வாசிக்காங்கன்னு சொல்லு பாப்போம்."

மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை, "வயலின் ஆடுததைக் கேட்டு" என்றாள். இரண்டு வருஷமாக நான் கையைக் காட்டிக்காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம் அது.

எனக்குப் பிடித்தது 'கோடை'. நம்மூர் ஆட்கள் அதற்கு உரை தேடவே வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு மூன்று சுரம் வாசிப்பார்கள், நின்றுவிடுவார்கள், மறுபடி இரண்டு மூன்று. சித்திரை மத்தியானம் பாளையங்கோட்டைத் தெருவில் நடந்திருந்தால் அந்த நடை தெரியும், நிழலுக்கு நிழல் நின்று போகிற நடை. சின்னக் குழு என்பதால் அந்த நிறுத்தம் எல்லாம் சுத்தமாக விழுகிறது. எண்பது பேர் சேர்ந்து வாசிப்பை நிறுத்தினால் ஓரத்தில் ஒரு பிசிறு இருக்கும், இங்கே அது இல்லை. நடுப்பகுதியில் வயலின்கள் ஈ மொய்க்கிற மாதிரி ஒரே சுரத்தில் நடுங்க, நடுநடுவே இடி உருட்டுகிறது. கடைசியில் ஆலங்கட்டி மழை வந்து கதிரை ஒடிக்கிறது. விவால்டியின் இசையோடு 1725-இல் அச்சான கவிதையிலேயே கதிர் ஒடிவது இருக்கிறது. அந்த இடம் வரும்போது எனக்கு எங்கள் அப்பா ஞாபகம். பாளையங்கால் வாய்க்காலுக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அறுப்புக்கு நின்ற பிசான நெல்லில் மழை விழுந்த வருஷம், வரப்பில் ஈரத் துண்டோடு நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புயலில்தான் எனக்கு ஒரு குறையும் இருக்கிறது. இன்று பழைய முறை வாத்தியங்களில், குடல் தந்தி போட்டு வாசிக்கும் குழுக்களைக் கேட்டவர்களுக்கு இது கொஞ்சம் மழமழவென்று இருக்கும். இடி இடிக்கிறது, வீட்டு ஓடு பறக்கவில்லை. லவ்டேயின் தொனி அவ்வளவு அழகாக இருப்பதால் பயம் வரமாட்டேன் என்கிறது. துணைக்கு சைமன் பிரெஸ்டன் வாசிக்கும் ஹார்ப்சிகார்ட், பியானோ மாதிரிக் கட்டை அமுக்கித் தந்தியைச் சுண்டுகிற பழைய வாத்தியம், எனக்கு இஷ்டம், சில இடங்களில் அதற்குப் பதிலாக வருகிற சின்ன ஆர்கன் இன்னும் இஷ்டம். கோயிலில் ஆர்கன் கேட்டே வளர்ந்த காது, வேறென்ன சொல்லும்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே குழு இதே உருப்படியை வேறு வயலின்காரர்களோடும் பதிந்திருக்கிறது. ஜோஷுவா பெல் வாசித்தது 2008-இல் வந்தது. அது வேகமும் பளபளப்பும் உள்ள வேறு வாசிப்பு. குழுவின் பெயரை மட்டும் பார்த்து எடுக்காமல் லவ்டே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஆன்லைனில் பழைய பிரதி வாங்கினேன், அறுநூறு ரூபாய்ச் சொச்சம். பெட்டி விரிசலோடு வந்தது, உள்ளே இருக்க வேண்டிய சிறு புத்தகம் இல்லை. தட்டில் கீறல் இல்லாததால் விட்டுவிட்டேன். போனில் கேட்பதானால் நல்ல ஹெட்ஃபோன் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் அடிக்குரல் வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸ் இருப்பதே தெரியாது, அது இல்லாவிட்டால் கோடையின் இடி வெறும் கைதட்டல்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சங்கீதம், நமக்கு எதற்கு என்று எங்கள் குடும்பத்திலேயே கேட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்பார்கள். அவர் அரண்மனை வித்வானாக இருந்தது நம் எட்டயபுரத்தில். இந்த வாத்தியம் நம் பக்கத்து மண்ணை மிதித்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'பனிக்காலம்' கச்சேரியின் நடுப்பகுதியிலிருந்து தொடங்கலாம், மூன்று நிமிடம்கூட இல்லை. உள்ளே கணப்பருகில் ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, வெளியே மழை நனைக்கிறது. வயலின்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகின்றன, சொட்டுச் சொட்டாக. நமக்கு அது ஐப்பசி மழையில் ஓட்டுத் தாழ்வாரம். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை அந்தச் சொட்டு மட்டும் வாசிக்கவைக்கப் போகிறேன். மேலே பாட்டை நான் வாசிப்பேன். இரண்டு கையும் வயலினில் இருக்கும், காட்ட முடியாது. போன சனிக்கிழமை நாலு வரி வரை சேர்ந்தே வந்தார்கள்.